தரச்சான்று பெற்ற எலுமிச்சம்பழம்

தொண்ணூற்றாறாம் வருஷம் கோயமுத்தூரில் ஐ.எஸ்.ஓ. என்று ஒரு காய்ச்சல் பரவியது. அது கொசுவால் பரவவில்லை, போர்டால் பரவியது. ஒரு கம்பெனி வாசலில் "தரச்சான்று பெற்ற நிறுவனம்" என்று போர்டு ஏறினால், எதிர்க் கம்பெனி முதலாளிக்கு அன்றைக்கே சோறு இறங்காது. பம்பு செட் கம்பெனிக்கு வந்தது, கிரைண்டர் கம்பெனிக்கு வந்தது, பஞ்சு மில்லுக்கு வந்தது. பீளமேட்டில் ஒரு சலூன்காரரே விண்ணப்பம் போட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அது வதந்தி. அவர் விசாரித்ததோடு சரி.

சிங்காநல்லூர் குளத்தங்கரையில் பட்டறை வைத்திருந்த நரசிம்மலுவுக்கு இந்தக் காய்ச்சல் சம்பந்தி வழியாக வந்தது. மகள் சாய்ப்ரியாவைக் கட்டிக்கொடுத்த இடம் பம்பு செட் கம்பெனி. சம்பந்தி தரச்சான்று வாங்கிப் போர்டு வைத்தார். அந்தப் போர்டு கம்பெனியைவிட அகலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நரசிம்மலு அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மனைவி ராமாமணி போட்ட சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டார்.

நரசிம்மலு செய்து விற்றது ராட்டினங்கள். குடை ராட்டினம், தொட்டில் ராட்டினம், டிராகன் ரயில், கொலம்பஸ் கப்பல் என்று, திருவிழாவுக்கு வந்த ஜனங்கள் காசு கொடுத்துத் தலைசுற்றலை வாங்கிப் போகிற சகல சாதனங்களும் அங்கே கிடைக்கும். அவருடைய தரத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பல்லடத்தில் நிறுத்திய அவருடைய பெரிய ராட்டினம் ஒன்று அச்சிலிருந்து கழன்று, ஆள் இல்லாமல் தானாக உருண்டு, தாராபுரம் ரோட்டில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி, ஒரு கோழிப்பண்ணைக்குள் போய்ப் படுத்தது. அன்று முதல் அந்தப் பண்ணைக் கோழிகள் எல்லாம் பந்துபோல உருண்டையாக முட்டையிடுகின்றன என்பார்கள். அது பொய். ஒரே ஒரு கோழிதான் இட்டது.

மகன் ஹர்ஷா பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த தரப் பயிற்சிக்குப் போய்வந்தான். பயிற்சியில் அவனுக்குப் பிடித்தது மதியச் சாப்பாடு. மனதில் தங்கியது ஒரே ஒரு வாக்கியம்: செய்வதை எழுது, எழுதியதைச் செய். போதாதா? அதை வைத்துக்கொண்டு உலகத்தையே திருத்திவிடலாம் என்ற முகத்தோடு திரும்பினான்.

தரநிர்ணயப் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. செய்கிறவன் ஒருவன் என்றால் சரிபார்க்கிறவன் வேறொருவனாக இருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பட்டறையில் வெல்டிங் வைப்பவன் மயில்சாமி, அது சரியா என்று பார்ப்பவனும் மயில்சாமி, பிய்த்துக்கொண்டு விழுந்தால் "வாங்குனவன் ஓட்டத் தெரியாம ஓட்டிப்போட்டானுங்க" என்று தீர்ப்புச் சொல்பவனும் மயில்சாமிதான். அப்படித்தான் கயல்விழி அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

கயல்விழி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். எதைப் பார்த்தாலும் கண்ணைக் கொஞ்சம் சுருக்கித்தான் பார்ப்பாள். கிட்டப்பார்வை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது இளக்காரம்.

"அம்மணி, உன்ற வேலை என்னன்னா, எல்லாத்தையும் செக் பண்ணோணும்" என்றார் நரசிம்மலு, சேர்ந்த அன்று. "ஆனா ஒண்ணையும் நிறுத்தக்கூடாது."

"அப்புறம் எதுக்குங்க செக் பண்றது?"

"செக் பண்றதுக்குத்தான்" என்றார் அவர், இதைக்கூடப் பாலிடெக்னிக்கில் சொல்லித்தரவில்லையா என்பதுபோல.

அவள் கண்ணைச் சுருக்கினாள்.

ஹர்ஷா ஆள்களை உட்கார வைத்து, அவரவர் செய்கிற வேலையைச் சொல்லச்சொல்லி எழுத ஆரம்பித்தான். முதலில் மயில்சாமி வந்தான்.

"வெல்டிங் சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பே மயில்சாமி?"

"பாத்தா எனக்குத் திருப்தியா இருக்கோணுங்க."

ஹர்ஷா அதை அப்படியே எழுதிக்கொண்டான்: வெல்டர் திருப்தியடையும் வரை.

"மெஷின் முடிஞ்சப்புறம்?"

"மொத ஓட்டம் ஓட்டுவோமுங்க. அதுக்கு முன்னால, ஓட்டற டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்போம். பழம் சொத்தையா இருந்தாலோ, நசுங்காம நழுவிப்போச்சுன்னாலோ, அன்னைக்கு அதுல ஒரு மனுசன் ஏறமாட்டானுங்க. மெஷினும் வாசலைத் தாண்டாது. வேற பழமும் வெக்கமாட்டோம். அடுத்த நல்ல நாளு பாத்துத்தான்."

ஹர்ஷாவின் பேனா பறந்தது. "ஃபைனல் சிட்ரஸ் இன்ஸ்பெக்‌ஷன்" என்று தலைப்பிட்டு ஒரு முழுப்பக்கம் எழுதினான்.

"சார், அது பூஜைங்க சார்" என்றாள் கயல்விழி.

"நோ நோ கயல். செய்யறோமா இல்லையா? செய்யறோம். அப்ப எழுதணும். பழத்தை யாரு செலக்ட் பண்றது? மயில்சாமி. அப்ப அவன் அப்ரூவ் பண்ணக்கூடாது. நீதான் அப்ரூவ் பண்ணணும். உன் முடிவுதான் கடைசி. அப்பாவே ஒண்ணும் சொல்ல முடியாது."

ஆக, ஒரு ராட்டினத்தின் வெல்டிங் அந்த வெல்டரின் மனநிறைவைப் பொறுத்தது. ஒரு எலுமிச்சம்பழத்தின் தகுதியோ பாலிடெக்னிக் படித்த ஆளின் கையெழுத்தைப் பொறுத்தது. இதில் முரண்பாடு இருப்பதாக அந்தப் பட்டறையில் யாருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டார்களா? பழத்துக்கு அளவு வேண்டும் என்றான் ஹர்ஷா. லேத்தில் பித்தளையில் இரண்டு வளையம் கடைந்தார்கள். பழம் பெரிய வளையத்துக்குள் நுழைய வேண்டும், சின்ன வளையத்துக்குள் நுழையக்கூடாது. அந்த வளையத்தின் அளவு சரிதானா என்று சான்று வாங்க ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் "இது எதுக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பேரிங் வளையம் என்று போட்டுச் சான்று கொடுத்துவிட்டார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் கூடை வைத்திருந்த ஆமினா பீவிக்கு "அங்கீகரிக்கப்பட்ட எலுமிச்சை சப்ளையர்" என்று கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதைக் கூடைக்கு மூடியாக வைத்துக்கொண்டார்.

பாரச் சோதனை என்று ஒன்றும் எழுத்தில் இருந்தது. இருக்கைகளில் மணல் மூட்டைகளைக் கட்டி மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக மணல் வந்தது. மூட்டைகளை ராட்டினத்தில் ஏற்றிப் போட்டோவும் எடுத்தார்கள். எடுத்த கையோடு அந்த மணல், நரசிம்மலு வீட்டு மாடிக்குத் தளம் போடப் போய்விட்டது. போட்டோ மட்டும் சட்டம் போட்டு ஆபீசில் தொங்கியது.

இந்த லட்சணத்தில்தான் கொடுமுடியிலிருந்து வெள்ளியங்கிரி வந்தார். திருவிழாக்களில் ராட்டினம் போடும் கான்ட்ராக்டர். சித்திரைத் தேருக்கு ஒரு கொலம்பஸ் கப்பல் வேண்டும் என்றார். கப்பல் என்றால், உயரமான சட்டத்திலிருந்து இரண்டு இரும்புக் கைகளில் தொங்கும். கீழே மோட்டாரோடு ஒரு டயர் சுற்றும். அந்த டயர் கப்பலின் அடிவயிற்றை உரசித் தள்ள, கப்பல் ஊஞ்சலாய் மேலே மேலே போகும். எல்லாப் பாரமும் அந்த இரண்டு கைகளில்தான்.

கப்பல் தயாரானது. கயல்விழி ஏணி போட்டு ஏறி, கப்பலின் இடது கை மேல் அச்சில் சேரும் இடத்தில் சிவப்பு மையைத் தடவினாள். துடைத்தாள். வெள்ளைப் பொடியை ஊதினாள். இரும்பில் விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் மை பொடியின் மேல் கசிந்து காட்டிக்கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. கூர்மையாக, கோணல் இல்லாமல்.

ஓட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு அட்டையை அதில் கட்டிவிட்டு இறங்கி, முதலாளியைக் கூட்டிவந்தாள். நரசிம்மலு அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"பெருமாளே" என்றார்.

"மொதலாளிங்க, அது விரிசலுங்க."

"அம்மணி, கண்ணைத் தொறந்து பாரு. ரெண்டு பக்கமும் வெள்ளை, நடுவுல செவப்பு. நாமம்! என்ற பேரு நரசிம்மலு. இந்தப் பட்டறைக்கு அவரு வராம வேற யாரு வருவாங்க?"

"நானேதானுங்க பொடி அடிச்சேன். டப்பா இங்கதான் இருக்குது."

"நீ அடிச்ச பொடியில அவரு வந்துட்டாரு பாத்தியா? அதுதான் அவரு பெருமை."

ராமாமணி துளசியும் கற்பூரமும் கொண்டுவந்தார். ஆள்கள் வரிசையில் நின்றார்கள். தன் வெல்டிங்கில் பெருமாள் எழுந்தருளிய கதையை மயில்சாமி கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சொன்னான். அன்று முதல் சனிக்கிழமைகளில் கறி தின்பதில்லை என்று விரதம் எடுத்தான். வெள்ளிக்கிழமை இரண்டு பங்கு தின்று சரிக்கட்டினான். கயல்விழி கட்டிய சிவப்பு அட்டையை அவிழ்த்து, ஈ மொய்க்காமல் டீ கிளாஸுக்கு மூடியாகப் போட்டுக்கொண்டான்.

"கையை யாரும் தொடப்படாது. பெயிண்ட் கூட வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார் முதலாளி.

கயல்விழி ஹர்ஷாவிடம் போனாள். படித்தவனாயிற்றே என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. கேட்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகப் போனாள்.

"தரச்சான்று குடுக்க ஆடிட்டர் வர்ற நேரம் கயல். நெகட்டிவா பேசாதே" என்றான் அவன். "வெல்டிங்குக்கு நம்ம ப்ரொசீஜர் என்ன சொல்லுது? வெல்டர் திருப்தி. மயில்சாமி திருப்தியா இருக்கானா? பெருமாளே வந்துட்டாரு, அதுக்கு மேல என்ன திருப்தி?"

"நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க சார்."

"போடவேண்டாம். பித்தளைத் தகடு ஏற்கெனவே அடிச்சாச்சு."

போய்ப் பார்த்தாள். கப்பலின் மூக்கில், வாய்பிளந்த முதலைப் படத்துக்குக் கீழே, ஆணி அடித்துப் பதித்திருந்தார்கள்: "பரிசோதித்துச் சான்றளித்தவர் செ. கயல்விழி".

"நான் வேலையை உட்டுப் போயிட்டா?" என்று திரும்பி வந்து ஹர்ஷாவிடம் கேட்டாள்.

"போனா என்ன? பேரு இருக்கட்டும். நல்லா வந்திருக்கு."

கப்பல் மேலே போகும்போது உள்ளே இருப்பவர்கள் அலறுவது வழக்கம். அந்த அலறலுக்குத்தான் காசு. கொடுமுடியில் ஒருநாள் அந்த அலறல் வேறு மாதிரி கேட்கும். ஓடிவருகிற ஜனங்கள் கவிழ்ந்து கிடக்கும் கப்பலின் மூக்கில் முதலில் படிப்பது ஒரு பெயராக இருக்கும். அந்தப் பெயர் நரசிம்மலு இல்லை, ஹர்ஷா இல்லை, மயில்சாமி இல்லை. கொடுமுடி வரைக்கும்கூடப் போக வேண்டாம். நாளைக்கே முதல் ஓட்டம். ஆடிட்டரும் சம்பந்தியும் முதலாளி குடும்பமும் ஏறி உட்காரப்போகிறார்கள். அவர்கள் மேல் அவளுக்குப் பெரிய பாசம் எதுவும் இல்லை. ஆனாலும் தன் பெயரைப் போட்டு விழக்கூடாது.

விரிசலைச் சொன்னாள், கும்பிட்டார்கள். புத்தகத்தைச் சொன்னாள், சிரித்தார்கள். அவள் சொன்னால் மறுபேச்சில்லாமல் நிற்கக்கூடிய ஒரே பொருள் அந்தப் பட்டறையில் எது என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பொழுதோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"அக்கா, நாளைக்குக் கம்பெனிக்குப் பழம் கொண்டாரப்ப, கூடையிலேயே சிறுசாப் பாத்துக் கொண்டாங்க. கோலிக்குண்டு கணக்கா."

ஆமினா பீவி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் கண்ணு, நல்ல பழம் கேட்டு வருவாங்க. உங்க கம்பெனிக்காரங்க வளையல் போட்டுப் பாத்து வாங்குவாங்க. நீ மட்டும் எதுக்கு வெம்பலைக் கேக்குற?"

"வெல்டிங் சரியில்லைங்கக்கா."

"வெல்டிங் சரியில்லைன்னா வெல்டிங்கைச் சொல்லு."

"சொன்னேனுங்க. சூடம் காட்டிட்டாங்க."

 ஆமினா பீவி கூடையின் அடியில் கைவிட்டு, சுருங்கிய பிஞ்சு ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினார். "இது போதுமா?"

"இதைவிடச் சிறுசு இருக்குதுங்களா?"

மறுநாள் பட்டறை முழுக்க மாவிலை. ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சித்திரை வெயிலில் கழுத்துப் பட்டையும் கோட்டும் போட்டிருந்தபடியால் கொஞ்சங் கொஞ்சமாக உருகிக்கொண்டிருந்தார். இளநீர் ஊற்ற ஊற்ற அது கோட்டு வழியாக வெளியே வந்தது. பாரச் சோதனையின் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். வெல்டர் திருப்தியைப் படித்துத் தலையாட்டினார். எலுமிச்சைப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அருமை. அளவு இருக்கு, சப்ளையர் அங்கீகாரம் இருக்கு, காலிபரேஷன் இருக்கு, தனி இன்ஸ்பெக்டர் இருக்கு. பெரிய பெரிய கம்பெனிங்ககூட இவ்வளவு கிளியரா வெச்சிருக்க மாட்டாங்க. இதை நேர்ல பாக்கணும்."

எல்லோரும் கப்பலுக்கு வந்தார்கள். சம்பந்தி பட்டு வேட்டி கசங்காமல் முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ராமாமணி. வெள்ளியங்கிரி ஒரு காலைக் கப்பலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, நல்ல நேரம் முடிவதற்குள் ஆகட்டும் என்றார். மேலே இடது கையில் நாமம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள்.

மயில்சாமி தாம்பாளத்தில் பழத்தைக் கொண்டுவந்து நீட்டினான். கயல்விழி அதை வாங்கி, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, சின்ன வளையத்தின் மேல் வைத்தாள். பழம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வளையத்தின் வழியாகப் பொத்தென்று தரையில் விழுந்து, உருண்டு, ஆடிட்டரின் பூட்ஸில் முட்டி நின்றது.

"ரிஜெக்ட்டுங்க" என்றாள்.

பட்டறை நின்றுபோனது. கம்ப்ரஸர்கூடத் தானாக அணைந்ததாகச் சொல்வார்கள்.

"ரிஜெக்ட்டா?" என்றார் நரசிம்மலு.

"ஆமாங்க. பழம் தகுதியில்லைங்க. ப்ரொசீஜர்படி இன்னைக்கு மனுசங்க ஏறக்கூடாதுங்க. வேற பழமும் வெக்கக்கூடாது."

வெள்ளியங்கிரியின் கால் கப்பலிலிருந்து அதுவாகவே கீழே வந்தது. "ஏனுங்க, அதைப் பாக்கத்தானுங்க நானே வந்தது. பழம் வேண்டாம்னு சொன்ன கப்பலு எனக்கு வேண்டாமுங்க."

"சம்பந்தி, எறங்குங்க!" என்று கத்தினார் நரசிம்மலு. "ராமாமணி, எறங்கு!"

"அய்யோ ராமா" என்று ராமாமணி இறங்கினார். சம்பந்தி இறங்கிய வேகத்தில் பட்டு வேட்டி மட்டும் கப்பலிலேயே தங்கிவிட்டது.

இதே மனிதர்களிடம்தான் ஒரு வாரமாக இரும்பு வெடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் நகரவில்லை. ஒரு வெம்பல் பழம் விழுந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கயல்விழிக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

ஆடிட்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "தகுதியில்லைன்னு கண்டுபிடிச்சாச்சு. நல்லது. மூல காரணம் என்ன? அதைச் சொல்லணும்."

இதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். குரலைத் தாழ்த்தி, சாமியாடி சொல்வதுபோலச் சொன்னாள். "பாரம் ஏத்திப் பாக்காத கப்பலுங்க. அது பழத்துக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். நரசிம்மலு மகனை முறைத்தார். "நான் அப்பவே சொன்னனல்ல, மண்ணை எடுக்காதேன்னு?" சொல்லவில்லை, மணலை லாரியில் ஏற்றச் சொன்னதே அவர்தான்.

"இப்ப என்ன பண்றது அம்மணி?"

"மனுசங்கதானுங்க ஏறக்கூடாது. மூட்டைக்குத் தோசம் கெடையாதுங்களே."

"கெடையாதுங்க" என்றார் வெள்ளியங்கிரி, அந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர்போல.

குளத்து வண்டலைச் சாக்குகளில் அள்ளி, இருக்கைக்கு ஒரு மூட்டையாக உட்கார வைத்து பெல்ட் கட்டினார்கள். முன்வரிசையில் சம்பந்தி உட்கார்ந்த இடத்தில் சம்பந்தி அளவுக்கே ஒரு மூட்டை. மயில்சாமி மோட்டாரைப் போட்டான். கப்பல் ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. "பாத்தீங்களா? தங்கம்" என்றான் மயில்சாமி. அதற்கடுத்த ஆட்டத்தில், உச்சியில், நாமத்தின் நடுக்கோடு வழியாக இடது கை இரண்டாகப் பிரிந்தது.

வலது கை தனியாகத் தாங்குமா? அது ஒரு முறை யோசித்துப் பார்த்துவிட்டுத் தானும் விட்டுவிட்டது. கப்பல் பறந்தது. மதில் சுவரைத் தாண்டியது, ரோட்டைத் தாண்டியது, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேல் நிதானமாக நிழல் காட்டிச் சென்று, சிங்காநல்லூர் குளத்தின் நட்டநடுவில் போய் நேராக உட்கார்ந்தது. மூழ்கவில்லை. கப்பல் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அது அந்தப் பெயருக்கு நியாயம் செய்தது அன்றைக்குத்தான். பெல்ட் கட்டிய மூட்டைகள், தேர் பார்க்க வந்த குடும்பம்போல, வரிசையாக, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. சம்பந்தியின் பட்டு வேட்டி பாய்மரமாக விரிந்தது. கப்பலின் மூக்கு பட்டறையை நோக்கித் திரும்பி நின்றது. பித்தளைத் தகடு வெயிலில் மின்னியது. அவ்வளவு தூரத்திலும் கயல்விழியால் தன் பெயரைப் படிக்க முடிந்தது. கிட்டப்பார்வை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

 நரசிம்மலு குனிந்து, ஆடிட்டரின் பூட்ஸ் அருகில் கிடந்த பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீதான் காப்பாத்தினே" என்றார், பழத்திடம்.

"பெருமாளு அந்தக் கையில ரொம்ப நாளு இருக்கமாட்டாருன்னு நான் அப்பவே நெனச்சேனுங்க" என்றான் மயில்சாமி.

உடைந்த கையின் துண்டை எடுத்துவந்து கயல்விழி முதலாளியிடம் காட்டினாள். "பாருங்க. இந்தப் பாதி கறுத்திருக்குது, அது முன்னாலயே இருந்த விரிசல். பளபளன்னு இருக்கற பாதிதான் இன்னைக்கு ஒடைஞ்சது." நரசிம்மலு துண்டைக் கவனமாக வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பூஜை அறைக்குக் கொண்டுபோகச் சொல்லி ராமாமணியிடம் கொடுத்தார்.

ஆடிட்டர் தன் அறிக்கையில், ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து மனித உயிர்களைக் காத்த ஒரு தர அமைப்பைத் தன் அனுபவத்தில் நேரில் கண்டது இதுவே முதல் முறை என்று எழுதினார். அந்த வாரமே தரச்சான்று வந்தது. நரசிம்மலு போர்டு வைத்தார். அது சம்பந்தியுடையதைவிட ஒரு முழம் அகலம். மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் வரைந்திருந்தது. விஷயம் பரவி, பம்பு செட் கம்பெனிகளிலிருந்தெல்லாம் வளையத்தின் அளவு கேட்டு ஆள் வந்தார்கள்.

குளத்திலிருந்து கப்பலை மீட்க ஒரு நாள் பிடித்தது. பின்வரிசையில் ஜிலேபிக் கெண்டைகள் குடியேறியிருந்தன, இறங்க மறுத்தன. தேருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி தினமும் வந்து "பழம் என்னங்க சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பழம் சொல்லுதுங்க" என்றாள் கயல்விழி, நரசிம்மலுவிடம். "ரெண்டு கையும் புதுசா செய்யோணும். ஒவ்வொரு வெல்டிங்கையும் நான் மை தடவிப் பாத்தப்புறந்தான் பெயிண்ட் அடிக்கோணும். கோடு வந்தா வெட்டி எடுத்துப்போட்டு மறுபடியும் வெக்கோணும். மூட்டை ஏத்தி ஓட்டோணும். மண்ணை மாடிக்குக் கொண்டுபோகப்படாது."

"இத்தனையும் பழமா சொல்லுது?"

"ஆமாங்க."

"நாமம் வந்தாலுமா?"

"பெருமாளு ஒரு தடவைதானுங்க வருவாரு. அடுத்த தடவை வந்தா அது விரிசலுங்க."

நரசிம்மலு யோசித்தார். இதையே அவள் சொல்லியிருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார். "பழம் சொன்னா சரி" என்றார்.

மயில்சாமிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "என்ற வெல்டிங்கைப் பத்திப் பழத்துக்கு என்னங்கம்மணி தெரியும்?" என்று டீ குடிக்கும்போதெல்லாம் கேட்டான். ஆனாலும் பழத்தைப் பகைத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை. கப்பல் கையை மூன்று தடவை வெட்டி, நான்காம் தடவை கோடு விழாமல் வைத்தான். அவன் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வெல்டிங் வைத்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்து அவனுக்குத் திருப்தியே வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

எல்லாம் முடிந்த அன்று பொழுதோடு கயல்விழி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வெயில் தாழ்ந்திருந்தது. உடுமலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டி வந்தவளைக் கண்டதும் ஆமினா பீவி, கூடைக்கு மூடியாக இருந்த சட்டத்தைத் தூக்கித் தள்ளிவைத்தார். கூடையை நடுவில் ஓலை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார். ஒரு பக்கம் மஞ்சள் பூத்த பெரிய பழங்கள். இன்னொரு பக்கம் வெம்பல்.

"சொல்லு கண்ணு" என்றார். "வெல்டிங் எப்படி? பெருசா, சிறுசா?"

"பெருசாவே குடுங்கக்கா" என்றாள் கயல்விழி.